ஆடிக்காத்துல பெயில்ஸ் நிக்கல: அந்தப் பந்து அவுட்டா இல்லையா?

வடக்குமுனை | ஞாயிறு, இரவு 8:52

சீசனோட முதல் லெதர் பால் மேட்ச் இன்னிக்கு முடிஞ்சது. 25 ஓவர், மேட் விக்கெட் (தென்னை நார் மேட் விரிச்ச பிட்ச்), கிருஷ்ணகிரியிலேருந்து பர்கூர் போற ரோட்டுப் பக்கம் கிரவுண்டு. நாங்க 146. ஓசூர் பக்கத்துல இருந்து வந்த டீம் கடைசி ஓவர்ல 8 விக்கெட்டுக்கு அடிச்சு முடிச்சாங்க.

தோத்ததப் பத்தி பேச வரல. ஆனி முழுக்க முகூர்த்தம், பாதிப் பேருக்கு மாம்பழக்கூழ் ஃபேக்டரில ஷிஃப்ட், நெட்ஸுக்கு நாலு பேர் வந்தாலே பெருசு. ஆடி பொறந்தாதான் நமக்கெல்லாம் பதினோரு பேர் சேருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பிரச்சினை வேற.

காலையிலேருந்தே மேக்காத்து. வடக்குப் பக்க ஸ்டம்ப்ல பெயில்ஸ் (ஸ்டம்ப் தலையில வெக்கற ரெண்டு சின்னக் குச்சி) வெச்சா விழுது, வெச்சா விழுது. ரெண்டாவது இன்னிங்ஸ் நடுவுல அம்பயர் எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டார். தெற்குப் பக்கம் மட்டும் பெயில்ஸ் நின்னுச்சு. எப்படின்னு போய்ப் பாத்தா, ஸ்டம்ப் தலையில ஈரமண்ணு அப்பி உக்கார வெச்சிருக்காங்க.

22வது ஓவர். நம்ம இடதுகைப் பையன் வடக்குலேருந்து போடறான். மிடில்ல குத்தி, வெளிய நகர்ந்து, பேட்டத் தாண்டி, ஆஃப் ஸ்டம்ப்புல 'டொக்'. கீப்பர் கேட்டான், ஸ்லிப்புல நான் கேட்டேன். பந்து திசை மாறி தேர்ட் மேன் பக்கம் பவுண்டரிக்குப் போயிடுச்சு. பெயில் அசையல. அம்பயர் நாட் அவுட்னு சொல்லிட்டு, அதோட நிக்காம பைஸ் 4 (பேட்லயும் உடம்புலயும் படாம போன பந்துக்கு வர்ற எக்ஸ்ட்ரா ரன்) காட்டினார். அப்போ அவங்க 7 விக்கெட் போய்த் திணறிக்கிட்டு இருந்தாங்க.

ரூல் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இது அவுட்டா இல்லையா?

---

பென்னாகரம்லெஃப்டி | ஞாயிறு, இரவு 9:10

அண்ணா, போட்டது நான்தான். ஸ்டம்ப்புல செவப்புத் தடம் இருக்கு. மேட்ச் முடிஞ்சதும் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். அவுட்.

---

ஓசூர்குளிர் | ஞாயிறு, இரவு 9:31

நான் எதிர் டீம்தான். மரியாதையாவே சொல்றேன் பாஸ். பெயில் விழல, நாட் அவுட். ஸ்டம்ப்புல பட்டது எங்களுக்கும் தெரியும், யாரும் இல்லைன்னு சொல்லல. பட்டாலும் பெயில் விழணும், இல்லன்னா ஸ்டம்ப் பிடுங்கிக்கணும். உலகக் கோப்பைலயே பந்து பட்டு பெயில் லைட் எரிஞ்சு, விழாம நின்னு நாட் அவுட் ஆகியிருக்கு.

மண்ணு மேட்டர். அது நாங்க வெச்சது இல்ல. உங்க இன்னிங்ஸ்லயே இருந்துச்சு. உங்க ஓப்பனர் பேட்டிங் பண்றப்ப எங்க கீப்பர் அதைப் பாத்து சிரிச்சான், கேட்டுப் பாருங்க.

---

கட்டவண்டி | ஞாயிறு, இரவு 9:40

அம்பயர் யாரு? பேட்டிங் டீம் ஆளுதானே? அப்புறம் என்ன கேள்வி.

---

ஓசூர்குளிர் | ஞாயிறு, இரவு 9:44

@கட்டவண்டி நீங்க பேட்டிங் பண்ணப்ப நின்ன ரெண்டு அம்பயரும் உங்க ஆளுங்கதான். எங்க வேகப்பந்துக்காரனுக்கு ரெண்டு எல்பிடபிள்யூ போச்சு. நாங்க அதுக்காக இங்க இழை (த்ரெட்) போடல.

---

பழையஅம்பயர் | ஞாயிறு, இரவு 10:25

தம்பிகளா, சண்டை வேண்டாம். இதுக்கு விதியிலேயே பதில் இருக்கிறது. ஆனால் ஒரு வரியில் முடியாது.

முதலில் பொதுவான விதி. 29வது விதிப்படி விக்கெட் 'விழுந்தது' என்றால், ஒரு பெயிலாவது ஸ்டம்ப்பின் தலையிலிருந்து முழுசாக நீங்க வேண்டும், அல்லது ஒரு ஸ்டம்ப் தரையிலிருந்து பிடுங்கப்பட வேண்டும். பெயில் ஆடியது, துள்ளியது, மறுபடி பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது, இதெல்லாம் கணக்கில் வராது. இதுவரை ஓசூர் தம்பி சொல்வது சரி.

அடுத்தது 8வது விதி. காற்று போன்ற காரணத்தால் பெயில்ஸ் இல்லாமல் ஆடலாம் என்று அம்பயர்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யலாம். அப்படி முடிவு செய்தால் இரண்டு முனையிலும் எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் வைத்து ஒரு பக்கம் எடுப்பது கிடையவே கிடையாது. காற்று அடங்கியதும் திரும்ப வைத்துவிட வேண்டும்.

பெயில்ஸ் இல்லாமல் ஆடும்போது ஸ்டம்ப்பில் பந்து பட்டது என்று அம்பயருக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும், விக்கெட் விழுந்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்டம்ப் சாய வேண்டியதில்லை.

இதை யாரோ ஊர்க்கிரவுண்டுக்காக எழுதிவைத்தது என்று நினைக்காதீர்கள். 2019 ஆஷஸ் தொடரில் ஓல்டு டிராஃபர்டு டெஸ்ட்டில் காற்று பொறுக்காமல் கொஞ்ச நேரம் பெயில்ஸே இல்லாமல் ஆடினார்கள்.

இனி உங்கள் பந்து. வடக்கில் எடுத்த நிமிஷமே தெற்கிலும் எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் அந்த 'டொக்' சத்தமே போதும், பேட்ஸ்மேன் நடக்க வேண்டியதுதான். எடுக்கவில்லை. பெயில்ஸ் தலையில் இருக்கிறது, விழவில்லை, ஆகவே அந்த அம்பயர் கண்ணால் பார்த்ததை வைத்து நாட் அவுட் சொன்னதில் குற்றமில்லை. பைஸ் நாலும் சரியே. பந்து பேட்டில் படவில்லை, உடம்பில் படவில்லை, பவுண்டரி போயிற்று.

தீர்ப்பு சரி, ஆட்டத்தை நடத்திய விதம் தப்பு. முடிவை மாற்ற முடியாது. அம்பயர் தன் தீர்ப்பை மாற்றலாம்தான், ஆனால் உடனே மாற்ற வேண்டும். ராத்திரி பத்தரைக்கு இழையில் அல்ல.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பெயில் ஸ்டம்ப்பின் தலைக்கு மேல் 1.27 செ.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது. அதற்காகத்தான் பள்ளம் வெட்டி உட்காரவைக்கிறார்கள். பள்ளத்தில் மண்ணை நிரப்பி அப்பினால் அது பெயில் இல்லை, சிமெண்ட் வேலை.

---

வடக்குமுனை | ஞாயிறு, இரவு 10:41

நன்றி சார். அப்போ ரெண்டு பக்கமும் எடுக்கச் சொல்லி நாங்க கேட்டிருக்கணும்னு சொல்றீங்க. பெயில் எடுத்தப்ப நான் ஸ்லிப்புல நிக்கறேன், அம்பயர் சொல்லவும் இல்ல, கூப்பிடவும் இல்ல.

---

பழையஅம்பயர் | ஞாயிறு, இரவு 10:50

அம்பயர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், கேப்டன் அல்ல. ஆனால் இரண்டு கேப்டனுக்கும் சொல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது அழகில்லை. ஊர் மேட்ச்சில் டாஸுக்கு முன்னால் நான்கு பேரும் ஸ்டம்ப் பக்கத்தில் நின்று பேசிவிட வேண்டும். காற்று காலையிலேயே இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

---

ஸ்கோர்நோட்டு | திங்கள், காலை 6:48

அண்ணா எல்லாரும் சுமாரா சொல்றீங்க, நோட்டுல இருக்கறத எழுதறேன்.

அந்தப் பந்து 21.4, அதாவது 22வது ஓவரோட நாலாவது பந்து. அதுக்கு முன்னாடி 121/7. பைஸ் 4 சேர்ந்து 125/7. அந்த பேட்ஸ்மேன் அப்போ 9. அவுட்டாகாம 22ல முடிச்சார். ஆக பைஸ் 4, அவர் அடிச்ச 13, மொத்தம் 17 ரன். ஜெயிச்சது 24.2ல.

ஆனா அதே நோட்டுல இன்னொண்ணும் இருக்கு. நம்ம எக்ஸ்ட்ராஸ் 31. அதுல வைடு மட்டும் 19. பைஸ் நாலுக்கு இவ்ளோ பெரிய இழை, வைடு பத்தொன்பதுக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கல.

ஸ்கோர் ஆப்லயும் போட்டிருக்கேன், ஆனா 17வது ஓவருக்கு அப்புறம் போன் ஆஃப். மிச்சம் நோட்டுதான். நோட்டுக்கு சார்ஜ் வேண்டாம்.

---

கட்டவண்டி | திங்கள், காலை 7:15

தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும் 😂

---

பன்னிரண்டாவதுஆள் | திங்கள், காலை 9:30

நான் நேத்து ஆடல, வெளிய உக்காந்து பாத்தேன். அதனாலதான் எனக்கு கொஞ்சம் தெளிவாத் தெரிஞ்சுது. மேட்ச் போனது 21.4ல இல்ல. ஓவர் கொடுத்த முனையில.

யோசிச்சுப் பாருங்க. நம்ம பிட்ச் வடக்கு-தெற்கு. வெயில் கண்ணுல படக்கூடாதுன்னு முக்காவாசி ஊர்ல அப்படித்தான் போடுவாங்க. ஆடியில காத்து மேற்கேருந்து. அப்போ காத்து பிட்ச்சுக்கு குறுக்க அடிக்குது.

தெற்குலேருந்து போட்டா, வலதுகை பேட்ஸ்மேன் வடக்குல நிக்கறான். அவன் லெக் சைடு (முதுகுப் பக்கம்) எது? கிழக்கு. அதாவது காத்து போற பக்கம். புல் பண்ணா, ஸ்வீப் பண்ணா, சும்மா தூக்கினாக்கூட காத்தே தூக்கிட்டுப் போய் மாந்தோப்புல போடும். நம்ம ஆஃப் ஸ்பின்னரை முழுக்க தெற்குலேருந்து போட வெச்சோம். ஆஃப் ஸ்பின் உள்ள திரும்பி வருது, காத்தும் பந்த லெக் பக்கம் தள்ளுது, பேட்ஸ்மேனுக்கு அடிக்க வேண்டிய பக்கமும் அதே. மூணு சிக்ஸர், மூணும் தோப்புக்குள்ள.

வடக்குலேருந்து அதே ஸ்பின்னர் போட்டிருந்தா? பேட்ஸ்மேன் தெற்குல நிக்கறான், லெக் சைடு மேற்கு. எதிர்காத்துல தூக்கணும். பாதி ஷாட் மிட் விக்கெட் கையில வந்து விழும். வேகப்பந்துக்காரனுக்கும் அதே முனையில காத்து வெளிய தள்ளும், அவுட்ஸ்விங் இலவசம்.

முனையக் கொடுக்கறதுதான் ஆடி மாசத்துல கேப்டன்சி.

---

வடக்குமுனை | திங்கள், காலை 10:05

@பன்னிரண்டாவதுஆள் காகிதத்துல நல்லாருக்கு தம்பி. தெற்கு முனையில பவுலர் ஓடி வர்ற வழியப் பாத்தியா? போன மழைக்கு அரிச்சுப் போய் பள்ளம். டிராக்டர் மண்ணு கொட்டறேன்னாங்க, கொட்டல. அதுல வேகப்பந்துக்காரன் ஓடினா கணுக்கால் போயிடும். ரெண்டு எட்டு வெச்சுப் போடறவனத்தான் அங்க விட முடியும். வேகம் ரெண்டு பேரும் வடக்குலயே மாறி மாறிப் போட்டாங்க. வேற வழியில்ல.

---

பன்னிரண்டாவதுஆள் | திங்கள், காலை 10:12

அப்போ இடதுகை ஸ்பின்னரப் போட்டிருக்கலாம். வெளிய திரும்பற பந்து, காத்துக்கு எதிர்த் திசைல அடிக்கணும்.

---

வடக்குமுனை | திங்கள், காலை 10:14

அவன் தர்மபுரியில மச்சினன் வீட்டு மொட்டைக்குப் போயிட்டான்.

---

மேட்சுருட்டி | திங்கள், மதியம் 1:20

எல்லாரும் காத்து காத்துன்றீங்க. மேட்டப் பத்தி யாராச்சும் பேசுங்களேன். ஏழு மாசமா ஷெட்டுல சுருட்டிக் கிடந்தது. ஒரு மூலைய எலி கடிச்சு நார் பிரிஞ்சு கிடக்கு. சனிக்கிழமை சாயங்காலமே விரிச்சு, தண்ணி தெளிச்சு, ரெண்டு பக்கமும் ஆளு நின்னு இழுத்து ஆணி அடிச்சிருந்தா படுத்திருக்கும். ஞாயிறு காலை ஏழரைக்கு விரிச்சா சுருட்டின வளைவு அப்படியே நிக்கும்.

முதல் பத்து ஓவர்ல பாத்தீங்களா? குட் லெங்த்துல குத்தின பந்து ஒண்ணு முட்டிக்குக் கீழ, அடுத்தது நெஞ்சுக்கு. அது பவுலர் திறமை இல்ல. மேட்டுக்கு அடியில காத்து பூந்து பலூன் மாதிரி தூக்குது, பந்து அதுல குத்தினா செத்துடும், பக்கத்துல இறுக்கமா இருக்கற இடத்துல குத்தினா எகிறும். நம்ம மூணாவது பேட்ஸ்மேன் போல்டு ஆனது அப்படித்தான். ஷூட்டர், தரையோட தாழ்ந்து போற பந்து.

ஓரத்துல அடிச்ச ஆணி நாலுதான். மேற்குப் பக்கம் முழுக்க ரெண்டடிக்கு ஒண்ணு அடிக்கணும், காத்து பூர்ற பக்கம் அதுதான். ஆணித் தலை தெரியக் கூடாது, வாஷர் போட்டு உள்ள இறக்கணும். பந்து அதுல பட்டா தையல் கிழியும், ஆளு விழுந்தா முட்டி கிழியும்.

இன்னொண்ணு. ரெண்டு பேர் இரும்பு ஸ்பைக்ஸ் போட்டு ஓடினாங்க. யாருன்னு பேர் சொல்லல. தென்னை நார் மேட்டுல இரும்பு ஸ்பைக்ஸ் போட்டா நாலு மேட்ச்ல மேட் கந்தல். ரப்பர் ஸ்டட் இருக்கற ஷூ போடுங்க. புது மேட் வாங்க யார்கிட்ட காசு இருக்கு?

---

கட்டவண்டி | திங்கள், மதியம் 1:41

சனிக்கிழமை சாயங்காலம் யாரு வருவா? எல்லாரும் ஆறு மணிக்குத்தான் வேலை முடிச்சு வர்றோம். செல்போன் லைட்டுல ஆணி அடிக்கறதா?

---

மேட்சுருட்டி | திங்கள், மதியம் 1:45

நான் அடிக்கறேன். லைட் பிடிக்க ஒரு ஆள் வா. அவ்ளோதான் கேக்கறேன்.

---

தோப்பூர்காத்து | திங்கள், மாலை 6:30

தர்மபுரியிலேருந்து எட்டிப் பாக்கறேன். 2004ல மாவட்டத்தப் பிரிச்சப்ப அணைய எடுத்துக்கிட்டீங்க, மாம்பழத்த எடுத்துக்கிட்டீங்க, காத்தையும் எடுத்துக்கிட்டீங்கன்னு இப்பதான் தெரியுது.

சீரியஸா ஒரு சந்தேகம். இந்த லெஃப்டி தம்பி எங்க பென்னாகரம் பையன். டென்னிஸ் பால் டோர்னமெண்ட்ல ஆறு பந்துல அஞ்சு யார்க்கர் போடுவான், நானே பாத்திருக்கேன். லெதர்ல புது பந்த அவன் கையில கொடுத்து, முதல் ஓவர்லயே வைடு அஞ்சு போச்சாமே? சீனியர் வேகப்பந்துக்காரன வெச்சிக்கிட்டு ஏன் இப்படி?

---

பென்னாகரம்லெஃப்டி | திங்கள், மாலை 6:52

அண்ணா அஞ்சு இல்ல, நாலு.

---

பழையஅம்பயர் | திங்கள், இரவு 8:15

இதில் நானும் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு டென்னிஸ் பந்து 56லிருந்து 59.4 கிராம். ஊர் டோர்னமெண்ட்டில் போடும் ஹெவி பந்து கொஞ்சம் கூட இருக்கும். கிரிக்கெட் பந்து 155.9லிருந்து 163 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனத்தைப் பழைய வேகத்திலேயே வீசும்போது தோள் தாங்காது, கை விடும் நேரம் தள்ளிப்போகும். டென்னிஸ் பந்தில் மணிக்கட்டை வெட்டி விட்டால் அது காற்றில் சறுக்கும். லெதர் பந்தில் அதே வெட்டு வெட்டினால் சீம் (பந்தின் தையல்) சாய்ந்து லெக் சைடில் போகும், அல்லது இந்தப் பையனுக்கு நடந்த மாதிரி ஆஃப் பக்கம் விலகிப் போகும். அவர் இடதுகை, ஓவர் தி விக்கெட்டில் போட்டால் வலதுகைக்காரருக்குக் குறுக்கே போகிற கோணம், அதோடு வடக்கு முனையில் மேல்காற்றும் அதே பக்கம் தள்ளுகிறது. வைடு வராமல் என்ன செய்யும்?

முதல் இரண்டு மூன்று வாரம் புதுப் பந்தைக் கொடுக்காமல் பத்து ஓவர் தேய்ந்த பந்தைக் கொடுக்கலாம். தென்னை நார் மேட் பந்தைச் சீக்கிரமே சொரசொரப்பாக்கிவிடும், கட்டர் (விரலால் வெட்டி விடும் பந்து) நன்றாகப் பிடிக்கும். இந்தப் பையனுடைய கையில் இருப்பது கட்டர்தான்.

---

கட்டவண்டி | திங்கள், இரவு 8:31

இந்தியாவுக்கு ஆடின வேகப்பந்துக்காரர் நடராஜனும் டென்னிஸ் பால்லேருந்துதான் வந்தார். சின்னப்பம்பட்டி என்ன அமெரிக்காவா, சேலம் மாவட்டம்தானே. 2020 கடைசியில ஆஸ்திரேலியா போய், 2021 ஜனவரிக்குள்ள ஒரே டூர்ல ஒருநாள், டி20, டெஸ்ட்னு மூணுலயும் இறங்கிட்டார். நம்ம பையனுக்கு முதல் மேட்ச்லயே புது பந்து கொடுத்தா தப்பா?

---

தோப்பூர்காத்து | திங்கள், இரவு 8:44

நடராஜன் பேர சொல்லாம இந்த மூணு மாவட்டத்துல எந்த கிரிக்கெட் சண்டையும் முடியாது. சரி சொல்லுங்க. ஆனா நடுவுல இருக்கறதையும் சொல்லுங்க. 2015ல ரஞ்சிக்கு வந்ததும் அவர் பவுலிங் ஆக்‌ஷன் மேலயே சந்தேகம் வந்துச்சு. அதைப் பிரிச்சு, திரும்பக் கட்டி, லீக் ஆடி, டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆடித்தான் மேல போனார். டென்னிஸ் பால் யார்க்கர அப்படியே பார்சல் கட்டி பிரிஸ்பேன் கொண்டு போகல.

பையனுக்கு சீக்கிரம் கொடுக்காதீங்கன்னு சொல்லல. கொடுத்துட்டு ரெண்டு வைடுக்கு எல்லாரும் ஃபீல்டிங்ல கையத் தூக்கிக் கத்தினா அவன் அடுத்த வாரம் வரமாட்டான்.

---

வடக்குமுனை | திங்கள், இரவு 9:02

புது பந்து அவனுக்குத்தான், அடுத்த வாரமும். சீனியர் வேகப்பந்துக்காரருக்கு மூணாவது ஓவர்லயே தொடை பிடிச்சுக்கிச்சு, இழை படிக்கறவங்களுக்கு அது தெரியாது. சீசன் முதல் மேட்ச்ல வார்ம்-அப் இல்லாம ஓடினா யாருக்கோ ஒருத்தருக்கு வருஷா வருஷம் நடக்குது. டீ குடிச்சிட்டு நேரா பந்து போட வர்றாங்க.

தம்பி, நீ 21.4ல போட்ட பந்து பாத்தேன்ல. அது போதும் எனக்கு.

---

பென்னாகரம்லெஃப்டி | திங்கள், இரவு 9:20

சரிண்ணா 🙏 தோள் இன்னும் வலிக்குது, புதன் வரைக்கும் போடல.

---

ஓசூர்குளிர் | செவ்வாய், காலை 8:05

பழைய அம்பயர் சார் எழுதினத எங்க குரூப்லயும் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் பெயில் எடுக்கக் கூடாதுன்னு எங்க அம்பயருக்கும் நிஜமாவே தெரியாது. அவர் பேட்டிங் முடிச்சிட்டு வெள்ளை கோட்டு மாட்டின ஆளு. இனிமே டாஸுக்கு முன்னாடியே பேசிடலாம்.

ஆனா ரிசல்ட் ரிசல்ட்தான். ஆப்ல ஜெயிச்சது நாங்கன்னுதான் நிக்கும்.

---

வடக்குமுனை | செவ்வாய், காலை 8:20

நிக்கட்டும் பாஸ். ரிட்டர்ன் மேட்ச் ஓசூர்ல எப்போ? அங்க ஆடிக்கு மத்தியானத்துலயே ஸ்வெட்டர் போட்டு ஃபீல்டிங் பண்றீங்கன்னு கேள்விப்பட்டேன்.

---

ஓசூர்குளிர் | செவ்வாய், காலை 8:33

ஆவணியில. அங்கயும் காத்து உண்டு, ஆனா தோப்பு இல்ல, பந்து தொலையாது. ஆமா, அந்த தோப்புல போன மூணு பந்துல ஒண்ணு எங்களோடது.

---

ஸ்கோர்நோட்டு | செவ்வாய், காலை 9:10

ரெண்டு கெடச்சுது அண்ணா. மூணாவதுக்கு தோப்புக்காரர் உள்ள விடல. நீலம் மாங்கா இன்னும் மரத்துல இருக்காம், காய் பறிச்சு முடிச்சப்புறம் வாங்கன்னாரு. நியாயம்தான். போன வருஷம் பந்து தேடப்போன நம்ம ஆளுங்க பாக்கெட்ல பந்தோட வேற என்னவோவும் வந்துச்சு.

---

மேட்சுருட்டி | செவ்வாய், இரவு 7:55

பெயில்ஸுக்கு ஒரு வழி பண்ணியிருக்கேன். கட்டில் கால் கடையற கடைசல்காரர் ஒருத்தர் நமக்குத் தெரிஞ்சவர். பழைய புளியமரத்து வைரக்கட்டை கொஞ்சம் அவர்கிட்ட கிடக்கு. நாலு பெயில் கடைஞ்சு தர்றேன்னார். அளவு நீளம் 10.95 செ.மீ., நடுப்பகுதியும் ரெண்டு மூக்கும் இப்ப இருக்கறதையே கொடுத்து ஒப்பு பாத்துக்கச் சொன்னேன். கையில எடுத்தா இரும்பு மாதிரி கனக்குது. கடையில வாங்கின பெயிலு ஊதினாலே பறக்கும், இது நிக்கும்.

சார், இது செல்லுமா?

---

பழையஅம்பயர் | செவ்வாய், இரவு 8:30

தாராளமாக. கனமான பெயில்ஸ் காற்று நாளில் பெரிய மேட்ச்களிலேயே பயன்படுத்துகிறார்கள். விதியில் அளவுதான் உண்டு, எடை சொல்லவில்லை. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வையுங்கள். அதுவும் விழுந்தால் நான்கையும் எடுத்துவிடுங்கள், இரு கேப்டனையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஸ்டம்ப் தலையில் இருக்கும் மண்ணை முதலில் குண்டூசியால் சுரண்டி எடுங்கள்.

---

ஸ்கோர்நோட்டு | செவ்வாய், இரவு 8:41

மண்ணு யாரு வெச்சதுன்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்லல 🤭

---

கட்டவண்டி | செவ்வாய், இரவு 8:43

அடுத்த டாபிக்.

---

தோப்பூர்காத்து | புதன், காலை 7:30

அடுத்த ஞாயிறு எங்க டீம்தான் அங்க வர்றோம், ஞாபகம் இருக்கா? அன்னிக்குத்தான் ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் கூட்டத்துல பென்னாகரம் ரோடு காலையிலேயே அடைச்சுக்கும். எங்க ஆளுங்க நாலு பேர் அந்தப் பக்கத்துலேருந்து வரணும். உங்க லெஃப்டியும்தான். ஒன்பதரைக்கு ஆரம்பிக்கலாமா?

---

பென்னாகரம்லெஃப்டி | புதன், காலை 7:52

நான் சனிக்கிழமை ராத்திரியே கிருஷ்ணகிரி வந்து மேட் அண்ணாவுக்கு லைட் பிடிக்கறேன். அங்கயே படுத்துக்கறேன்.

---

வடக்குமுனை | புதன், காலை 8:00

ஒன்பதரை ஓகே. 25 ஓவர். டாஸ் 9:15, ரெண்டு கேப்டன், ரெண்டு அம்பயர், ஸ்டம்ப் பக்கத்துல. வைடு லைன் மேட்டுல சுண்ணாம்பு போட்டுக் காட்டிடலாம், அதுக்கும் தனியா ஒரு இழை வேண்டாம். தெற்கு முனைப் பள்ளத்துக்கு வெள்ளிக்கிழமை ஒரு டிராக்டர் மண்ணு வருது, காசு கொடுத்தாச்சு.

---

பன்னிரண்டாவதுஆள் | புதன், காலை 8:04

பள்ளம் மூடிட்டா ஸ்பின்னர் எந்த முனை?

---

வடக்குமுனை | புதன், காலை 8:06

நீ இந்த வாரம் ஆடற. கேட்டத வந்து செஞ்சு காட்டு.

---

தோப்பூர்காத்து | புதன், காலை 8:40

எங்க கீப்பர் கிளவுஸ் பிஞ்சு போச்சு, புதுசு வர்றதுக்கு பத்து நாள் ஆகும். உங்ககிட்ட ஸ்பேர் இருந்தா எடுத்து வைங்க. மதியத்துக்கு நாங்க களி கட்டிக்கிட்டு வந்துடறோம், கருவாட்டுக் குழம்பு யாராச்சும் பாத்துக்கங்க.